நாலு கோப்ளின், ரெண்டு செத்த குதிரை: புது டிஎம் ஒருத்தரோட முதல் சண்டை ஏன் அப்படி போச்சு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிறது ஆளுக்கு ஒரு கேரக்டரை எடுத்துட்டு, டைஸ் உருட்டி டேபிள்ல ஆடுற கதை விளையாட்டு, கதையையும் எதிரிங்களையும் நடத்துறவர் டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர். இதை புதுசா நடத்த ஆரம்பிக்கிறவங்க கைக்கு ரொம்ப வருஷமா முதல்ல வந்தது 2014ல ரிலீஸான ஸ்டார்ட்டர் செட்தான். ஒரு சின்ன ரூல்புக், 64 பக்கத்துல ஒரு அட்வெஞ்சர் (நடத்த ரெடியா இருக்கிற கதை), ரெடியா எழுதின அஞ்சு கேரக்டர், ஒரு செட் டைஸ், அவ்வளவுதான் பாக்ஸ்ல. அட்வெஞ்சரோட பேர் லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேன்டெல்வர், எழுதினது ரிச் பேக்கரும் கிறிஸ் பெர்கின்ஸும். இன்னைக்கும் "முதல்ல எதை நடத்தலாம்"னு யாராவது கேட்டா பாதி பேர் இதைத்தான் சொல்லுவாங்க, நானும் இதைத்தான் சொல்லுவேன், ஆனா ஒரு எச்சரிக்கையோட. இதுல வர்ற முதல் சண்டையே முழு பார்ட்டியையும், அதாவது ஆடுறவங்க கேரக்டர் எல்லாத்தையும், கவுத்துடுற சண்டை, ஆட்டமும் புதுசு டிஎம்மும் புதுசுன்னு இருக்கிற டேபிள்ல கதை அங்கேயே முடிஞ்சு போன சம்பவம் எக்கச்சக்கம்.

இந்த சண்டையை எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் முதல் தடவை டிஎம்மா உக்காந்து நடத்தினான், நான் விளையாடல, பக்கத்துல உக்காந்து பார்த்துட்டு மட்டும் இருந்தேன். அது எப்படி போச்சு, ஏன் அப்படி போச்சு, புக்ல ஏற்கனவே என்ன பதில் இருந்துச்சுங்கிறதைத்தான் இங்க எழுதுறேன். டிஎம் ஆகப்போறவங்க படிக்கட்டும். விளையாட மட்டும் போறவங்க இதை படிக்காம இருந்தா நல்லது, கதை தெரிஞ்சுடும்.

புக்ல சீன் இதுதான். கண்ட்ரன் ராக்சீக்கர்னு ஒரு குள்ளர் பார்ட்டியை வேலைக்கு வெச்சு, ஒரு வண்டி நிறைய சாமானை நெவர்வின்டர் ஊர்ல இருந்து ஃபேன்டலின்ங்கிற சின்ன ஊருக்கு கொண்டு போகச் சொல்றார், ஆளுக்கு பத்து தங்கக்காசு கூலி, அவரும் சில்டர் ஹால்வின்டர்ங்கிற அவரோட துணையும் குதிரையில முன்னாடியே கிளம்பிட்டாங்க. வழியில ட்ரைபோர் ட்ரெயில்ல ரோட்டை மறிச்சு ரெண்டு குதிரை செத்துக் கிடக்குது, உடம்பெல்லாம் கருப்பு இறகு வெச்ச அம்பு. யாராவது கிட்ட போய் பார்த்தா ரெண்டு பக்க புதர்லேர்ந்தும் நாலு கோப்ளின் (குள்ளமான குட்டி அரக்கங்க) பாயும், ரெண்டு ஓடி வந்து வெட்டும், ரெண்டு முப்பது அடி தள்ளி நின்னு அம்பு விடும்.

படிக்கும்போது சாதாரணமா தெரியும், கோப்ளின்தானே, ஒரு அடி போட்டா விழுந்துடும், எச்.பி, அதாவது உயிர்ப் புள்ளி, ஏழுதான். கணக்கு போட்டுப் பார்த்தாத்தான் விஷயம் புரியும். அந்த 2014 டிஎம் கைடுல சண்டையோட கஷ்டத்தை அளக்க ஒரு முறை இருக்கு. ஒரு கோப்ளினுக்கு 50 எக்ஸ்.பி (அனுபவப் புள்ளி), நாலுக்கு 200, எதிரி மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் இருந்தா ரெண்டால பெருக்கணும், ஆக 400. லெவல் ஒண்ணுல, அதாவது ஆரம்ப நிலையில இருக்கிற ஆளுக்கு டெட்லி, அதாவது உயிருக்கே ஆபத்துங்கிற கோடு 100, நாலு பேருக்கு 400. அதாவது நாலு பேர் விளையாடுற டேபிள்ல ஆட்டத்தோட முதல் சண்டையே சரியா டெட்லி கோட்டுல வந்து நிக்குது. அஞ்சு பேர் இருந்தா ஒரு படி இறங்கி ஹார்ட் ஆகுது. மூணே பேர்னா கோடு 300, அதைத் தாண்டி எங்கேயோ போயிடுது.

இதுல பதுங்கித் தாக்குறது கணக்குலயே வரல. கோப்ளினுக்கு ஸ்டெல்த், அதாவது பதுங்குற திறமை, பிளஸ் ஆறு, டி20ங்கிற இருபது பக்க டைஸை உருட்டி அதோட கூட்டினா சராசரியா 16, 17 வரும், லெவல் ஒண்ணுல அந்த அளவுக்கு கவனிக்கிற கேரக்டர் ரொம்ப கம்மி. சர்ப்ரைஸ் ஆனவங்க, அதாவது எதிரியைக் கவனிக்காம மாட்டினவங்க, அந்த எடிஷன் ரூல்படி முதல் ரவுண்ட்ல (எல்லாரும் ஆளுக்கு ஒரு டர்ன் ஆடுறதுதான் ஒரு ரவுண்ட்) அவங்க டர்ன்ல ஒண்ணுமே பண்ண முடியாது. இன்னொரு ரூல், இதைத்தான் புது டிஎம் யாரும் யோசிக்கிறதில்ல, ஒரே மாதிரி எதிரிங்களுக்கு இனிஷியேட்டிவ், அதாவது யார் முதல்ல ஆடுறதுங்கிற உருட்டு, ஒரே தடவைதான் உருட்டணும், நாலும் ஒரே நேரத்துல ஆடும். அந்த ஒரு உருட்டு மேல விழுந்துட்டா பார்ட்டியில ஒருத்தர் கை அசைக்கிறதுக்குள்ள முதல் ரவுண்ட்ல நாலு, ரெண்டாவதுல நாலுன்னு எட்டு தாக்குதல் நடந்து முடிஞ்சிருக்கும். பாதிக்கு கொஞ்சம் மேல படும்னு வெச்சாலும், ஒரு அடிக்கு அஞ்சரைன்னு போட்டா, இருபத்தி நாலு எச்.பி கிட்ட போயிடும். நாலு பேரோட மொத்த எச்.பியே நாப்பது பக்கம்தான்.

தம்பியோட டேபிள்ல நடந்தது கிட்டத்தட்ட அப்படியேதான். ஃபைட்டர் (வீரன்), கிளெரிக் (குணப்படுத்துற பூசாரி), ரோக் (திருடன்), விசார்ட் (மந்திரவாதி)னு நாலு பேர், நாலு பேரும் ஆட்டத்துக்குப் புதுசு. விசார்ட் ஆடின பையன்தான் ஆர்வமா "நான் போய் குதிரையைப் பார்க்கிறேன்"னு முன்னாடி போனான், இருக்கிறதுலயே எச்.பி கம்மியான ஆள் அவன்தான். தம்பி ஸ்டெல்த் உருட்டினான், நல்லா விழுந்துச்சு, யாருக்கும் தெரியல. இனிஷியேட்டிவும் கோப்ளினுக்கு மேல. முதல் ரவுண்ட்லயே விசார்ட் கீழ, ரோக்குக்கு ஒரு அம்பு. ரெண்டாவது ரவுண்ட்ல ரோக்கும் கீழ. அதுக்கப்புறம்தான் மிச்சம் ரெண்டு பேருக்கு டர்னே வந்துச்சு. ஃபைட்டர் கோடாலியை சுத்தி ஒண்ணை சாய்ச்சுட்டான், டேபிளே கத்துச்சு, நல்லா இருந்துச்சு அந்த நிமிஷம்.

இங்கதான் இந்த கேஸோட முக்கியமான இடம் வருது. விசார்ட் எச்.பி பூஜ்யத்துக்கு வந்தப்போ தம்பி "நீ விழுந்துட்ட"ன்னு மட்டும் சொல்லிட்டு அடுத்த ஆளுக்கு போயிட்டான். அந்த பையன் செத்துட்டோம்னே நினைச்சு மொபைலை எடுத்துட்டான். கிளெரிக் ஆடினவளும் அப்படித்தான் நினைச்சா, அதனால அவ டர்ன்ல சுத்தியலை எடுத்து ஒரு கோப்ளினை அடிக்கப் போனா, படல. ஆனா ரூல்ல பூஜ்யம்னா சாவு இல்ல, மயக்கம். ஒவ்வொரு டர்னும் டி20 உருட்டணும், பத்தும் அதுக்கு மேலயும் விழுந்தா ஒரு வெற்றி, மூணு வெற்றிக்கு உயிர் நிக்கும், மூணு தோல்விக்குத்தான் சாவு. நடுவுல யாராவது ஒரே ஒரு எச்.பி ஏத்தி விட்டாக்கூட எழுந்து அந்த ஆளோட டர்ன்ல முழுசா ஆடலாம்.

அவ அப்போ ஹீலிங் போட்டிருந்தா விசார்ட் எழுந்திருப்பான், அவன் கையில ஸ்லீப் ஸ்பெல் இருந்துச்சு. அது அஞ்சு டி8 உருட்டி வர்ற எண்ணிக்கைக்கு எச்.பியைத் தூங்க வைக்கும், சராசரி இருபத்தி ரெண்டு, ஏழு எச்.பி கோப்ளின் மூணுக்கு சரியா போதும். அப்போ நின்னுட்டு இருந்ததும் மூணுதான். ஒரே டர்ன்ல சண்டை முடிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். இது அந்தப் பொண்ணோட தப்பு இல்ல, முதல் தடவை ஆடுறவங்களுக்கு கம்ப்யூட்டர் கேம்ல பார்த்த பழக்கம்தான் மனசுல இருக்கும், எச்.பி தீர்ந்தா ஆள் அவுட்னுதான் நினைப்பாங்க. முதல் ஆள் விழுற நிமிஷத்துல டிஎம் ஆட்டத்தை நிறுத்தி "இவன் இன்னும் சாகல, யார் வேணா காப்பாத்தலாம், கிளெரிக்கால இப்பவே எழுப்ப முடியும்"னு வெளிப்படையா சொல்லணும். சொன்னா சஸ்பென்ஸ் போயிடும்னு சில பேர் சொல்லுவாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. ரூல் தெரியாம வர்ற பயம் வேற, ரூல் தெரிஞ்சு "இன்னும் ஒரு தோல்வி விழுந்தா போச்சு"ன்னு டைஸை கையில வெச்சுட்டு வர்ற பயம் வேற, ரெண்டாவதுலதான் சுவாரஸ்யமே.

அடுத்த ரெண்டு ரவுண்ட்ல கிளெரிக்கும் சாய்ஞ்சா, ஃபைட்டர் இன்னொண்ணை வெட்டினான், ஆனா அவன்கிட்ட ரெண்டே எச்.பி, எதிர்ல ரெண்டு கோப்ளின். டேபிள் அமைதியாயிடுச்சு. தம்பி, டைஸை மறைக்க டிஎம் வெச்சுக்கிற ஸ்க்ரீனுக்குப் பின்னாடியிருந்து என்னைப் பார்த்து குரலைத் தாழ்த்தி, "அண்ணா, டைஸை மாத்தி சொல்லிடவா? இவங்க நாலு பேரும் போயிட்டா அடுத்த வாரம் யாரும் வரமாட்டாங்கண்ணா"ன்னான்.

"அதெல்லாம் வேணாம்டா. கோப்ளினுக்கு என்ன வேணும்னு புக்ல பாரு, அதே பக்கத்துலதான் இருக்கு."

இருந்துச்சு. சண்டை விவரத்துக்குக் கீழயே, பார்ட்டி தோத்துட்டா கோப்ளின்ங்க அவங்களை மயக்கத்துல அப்படியே போட்டுட்டு, ஆளையும் வண்டியையும் கொள்ளையடிச்சுட்டு குகைக்குத் திரும்பிடும், பார்ட்டி ஃபேன்டலின் போய் பார்தன் கடையில புதுசா சாமான் வாங்கிட்டு வந்து தடத்தைப் பிடிக்கலாம்னு தெளிவா எழுதியிருக்கு. அதோட ஒரே ஒரு கோப்ளின் மிச்சம் இருந்தா அது ஓடிடும்னும் இருக்கு. தம்பி ரெண்டையும் வீட்ல படிச்சிருக்கான், ஆனா சண்டை நடக்கும்போது மனசுல இருந்தது ஏசி (அடி படாம தடுக்கிற எண்), எச்.பி, டேமேஜ் மட்டும்தான். புது டிஎம்ங்க எல்லாருக்கும் நடக்கிறதுதான் இது, எண்ணை கட்டம் போட்டு காட்டுற புக், எதிரியோட நோக்கத்தை பத்திக்குள்ள ஒரு வரியா எழுதிட்டு போயிடுது, அவசரத்துல கண்ணுக்குப் படுறது கட்டம்தான்.

அவன் அதை அப்படியே படிச்சுக் காட்டாம கொஞ்சம் வளைச்சுக்கிட்டான், அது எனக்கு ரொம்ப பிடிச்சுது. ஒரு கோப்ளின் விழுந்து கிடக்கிற விசார்டோட நெஞ்சு மேல காலை வெச்சு கழுத்துல கத்தியை வெச்சது, இன்னொண்ணு ஃபைட்டரைப் பார்த்து "கோடாலியை கீழ போடு, வண்டி எங்களுக்கு, உசுரு உனக்கு"ன்னு கத்துச்சு. ஃபைட்டர் ஆடினவன் மத்த மூணு பேர் முகத்தையும் பார்த்தான். விசார்ட் பையன் மொபைலை வெச்சுட்டான். "டேய் மச்சான், போடுடா, ப்ளீஸ்டா"ன்னான். ஃபைட்டர் கோடாலியைப் போட்டான். அன்னைக்கு சாயங்காலம் முழுக்க அவங்க எடுத்த முதல் நிஜ முடிவு அதுதான், அதுவரைக்கும் டைஸ்தான் ஆடிட்டு இருந்துச்சு.

டைஸை மாத்தி சொல்றது பத்தி ஒண்ணு சொல்லணும். பல அனுபவசாலி டிஎம்ங்க அதை தப்புன்னு நினைக்கிறதில்ல, ஸ்க்ரீன் இருக்கிறதே அதுக்குத்தான்னும் சொல்லுவாங்க. என் கருத்து வேற. தம்பி அன்னைக்கு மறைச்சு ரெண்டு கோப்ளினையும் தவற விட்டிருந்தா பார்ட்டி ஜெயிச்சிருக்கும், ஆனா அடுத்த சண்டையிலயும் அதே நெருக்கடி வரும், மறுபடி மறைக்கணும், ஒரு கட்டத்துல யாராவது கண்டுபிடிச்சுட்டா அப்புறம் எந்த உருட்டுக்கும் டேபிள்ல மதிப்பு இருக்காது. எதிரிக்கு ஒரு நோக்கம் இருந்தா உருட்டை மாத்த வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. வழிப்பறி பண்றவனுக்கு பணம் கிடைச்சா போதும், அவன் எதுக்கு நாலு பொணத்துக்கு மெனக்கெடணும்.

தோல்விக்கு அப்புறம்

அடுத்த செஷனுக்கு நாலு பேரும் வந்தாங்க, சொல்லப்போனா நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டாங்க, ஏன்னா கோப்ளின்ங்க மேல அப்படி ஒரு கோபம். வண்டி போச்சு, கூலி போச்சு, ஃபைட்டரோட கோடாலி போச்சு. தம்பி பார்தனை கடனுக்கு சாமான் குடுக்கிற ஆளா மாத்திக்கிட்டான், "என் சரக்கை மீட்டுட்டு வாங்க, கணக்கு அப்புறம் பார்த்துக்கலாம்"ன்னு. செத்துக் கிடந்த அந்த ரெண்டு குதிரையும் கண்ட்ரன், சில்டர் ரெண்டு பேரோடதுன்னு அப்போதான் அவங்களுக்கு உறைச்சுது. இதையும் கவனிக்கணும், கதையோட கொக்கியே அந்த குதிரைதான், சண்டையில எல்லாரும் காலியாகி அது தெரியாமலே போயிட்டா கதை நகரவே நகராது.

கோப்ளின்ங்களோட க்ராக்மாவ் குகைக்குப் போனதும் நான் பார்த்தது வேற ஒரு பார்ட்டி. வாசல்ல புதருக்குள்ள காவல் இருந்த ரெண்டு கோப்ளினை விசார்ட் ஸ்லீப் போட்டு சாய்ச்சான், ஒண்ணைக் கட்டிப்போட்டு விசாரிச்சாங்க. பிடிபட்ட கோப்ளின் என்னென்ன சொல்லும்னு புக்லயே பட்டியல் இருக்கு, தம்பி இந்த தடவை அதை பேப்பர்ல எழுதி வெச்சிருந்தான். விசாரணையில வந்த விஷயம்தான் திருப்பம், உள்ள தலைவன் க்ளார்க்னு ஒரு பக்பேர் (கோப்ளின் இனத்துல பெரிய முரட்டு வகை), அவனுக்கு அடுத்த இடத்துல இருக்கிற யீமிக்ங்கிற கோப்ளினுக்கு அந்த நாற்காலி மேல கண்ணு.

யீமிக் இருக்கிற குகையில மொத்தம் ஆறு கோப்ளின், சில்டர் அங்கதான் கட்டிப்போட்டு கிடக்கிறார். நேரா சண்டைக்குப் போனா முதல் நாள் கதைதான் மறுபடியும். ஆனா புக்ல யீமிக் சண்டை போட ஆசைப்படல, சில்டரை மேட்டு விளிம்புக்கு இழுத்துட்டு வந்து, க்ளார்க்கோட தலையைக் கொண்டு வந்தா இவனை விடுறேன்னு பேரம் பேசுவான். அப்புறம் வாக்கு மாறி பணமும் கேட்பான், அதுவும் எழுதியிருக்கு. பேரம் கிட்டத்தட்ட அரைமணி நேரம் ஓடுச்சு, ஒரு டைஸ்கூட உருளல, ரோக் ஆடினவன் யீமிக்கை "தலைவரே, தலைவரே"ன்னு கூப்பிட்டே ஏத்திவிட்டான்.

க்ளார்க்தான் உண்மையில ஆபத்து, அந்த நாலு கோப்ளினைவிட. அவன், ரிப்பர்னு ஒரு ஓநாய், கூட ரெண்டு கோப்ளின், அதே கணக்குல 700 வருது, அஞ்சு பேர் பார்ட்டிக்கே டெட்லி கோடு 500தான். அவனோட அடி சராசரி 11, எதிராளி சர்ப்ரைஸ் ஆகியிருந்தா இன்னும் ரெண்டு டி6 சேரும், மொத்தம் 18. இப்போ எட்டு எச்.பி விசார்டை நினைச்சுப் பாருங்க. பூஜ்யத்துக்குக் கீழ மிச்சம் போற டேமேஜ் அந்த ஆளோட முழு எச்.பி அளவுக்கோ அதுக்கு மேலயோ இருந்தா மயக்கம் கிடையாது, அந்த இடத்துலயே சாவு. 18ல எட்டு போனா மிச்சம் பத்து. அதாவது க்ளார்க் மறைஞ்சிருந்து போடுற ஒரு சராசரி அடி, அதிர்ஷ்டம்கூட தேவையில்ல, முழு ஆரோக்கியத்துல இருக்கிற விசார்டை ஒரேயடியா முடிச்சுடும். புதுசா ஆட வந்த ஒருத்தருக்கு இது நடந்தா அதை சரி பண்ற வழியே டிஎம்கிட்ட இல்ல.

தம்பி இதுக்கு பண்ணினது ரூலை மீறாத வேலை. க்ளார்க் தன்னை பெரிய படைத்தலைவனா நினைச்சுக்கிற ஆளு, தன்னைப் பத்தியே மூணாவது ஆள் மாதிரி பேசுவான், இது புக்ல இருக்கிற குணம். அப்படிப்பட்டவன் கல்லுக்குப் பின்னாடி பதுங்கி முதுகுல அடிப்பானா இல்ல நெஞ்சை நிமித்தி வசனம் பேசிட்டு வருவானா? பேசிட்டுத்தான் வருவான்னு தம்பி முடிவு பண்ணினான். பேசிட்டு வந்ததால யாரும் சர்ப்ரைஸ் ஆகல, அந்த ரெண்டு டி6 கணக்குல வரல. கூடவே இனிஷியேட்டிவை ரெண்டா பிரிச்சுக்கிட்டான், க்ளார்க்கும் ஓநாயும் ஒண்ணு, கோப்ளின்ங்க ரெண்டும் ஒண்ணு, அதனால எல்லாம் ஒரே மூச்சுல வந்து விழல. ஓநாய் செத்ததும் க்ளார்க் ஓட ஆரம்பிச்சான், அதுவும் புக்லயே இருக்கிறதுதான், ரிப்பர் போயிட்டா குகையில இருக்கிற பிளவு வழியா கீழ இறங்கித் தப்பிக்கப் பார்ப்பான். அந்த பிளவு வழியாத்தான் ரோக் ஏறி வந்துட்டு இருந்தான். மீதியை நான் சொல்ல வேண்டியதில்ல.

நாலு பேருல யாரும் சாகல, விசார்ட் ஒரு தடவை விழுந்தான், இந்த தடவை கிளெரிக் அடுத்த டர்ன்லயே அவனை எழுப்பிட்டா.

இதை நடத்தப் போறவங்களுக்கு நேரடியா சொல்றேன். மூணு பேர்தான் ஆடுறாங்கன்னா பதுங்கித் தாக்குற சண்டையில கோப்ளினை ரெண்டா குறைச்சுடுங்க, அதுவே 150 வருது, ஏன்னா ரெண்டு எதிரிக்கு பெருக்கல் ஒண்ணரைதான், மூணு பேருக்கு மீடியம். நாலு பேர்னா நாலு கோப்ளினையும் வெச்சுக்கோங்க, ஆனா இனிஷியேட்டிவை ரெண்டு ரெண்டா பிரிச்சு உருட்டுங்க. செத்த குதிரையை வர்ணிக்கும்போது அவசரப்படாதீங்க, அம்பு, காலியான பை, பக்கத்துல தூக்கி எறிஞ்ச மேப் உறைன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க, "யாராவது சுத்திமுத்தி பார்க்கிறீங்களா"ன்னு ஒரு கேள்வி கேட்டுட்டு நிறுத்துங்க. 2024ல வந்த புது ரூல் வெச்சு ஆடினா சர்ப்ரைஸ் ஆனவங்க முதல் டர்னை இழக்கிறதில்ல, இனிஷியேட்டிவ்ல டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டி குறைஞ்சதை எடுக்கிறது) மட்டும்தான், அது இந்த சண்டையை நல்லாவே லேசாக்குது.

தம்பி இப்போ ஒவ்வொரு சண்டைக்குப் பக்கத்துலயும் பென்சில்ல மூணு வரி எழுதிட்டுத்தான் வர்றான், இவங்களுக்கு என்ன வேணும், எப்போ ஓடுவாங்க, ஜெயிச்சா பார்ட்டியை என்ன பண்ணுவாங்க. அடுத்து வரப்போறது ஃபேன்டலின் ஊர்ல ரெட்பிராண்ட்ங்கிற ரவுடி கும்பல், ஒருத்தனுக்கு 100 எக்ஸ்.பி, நாலு பேர் சேர்ந்து வந்தா ரெண்டால பெருக்கி 800, லெவல் ரெண்டுல நாலு பேர் பார்ட்டிக்கு டெட்லி கோடும் அதே 800. அந்தக் கும்பலோட மறைவிடத்துல ஆளுங்களை அடைச்சு வைக்கிற கூண்டு இருக்கு, அவன் மூணாவது வரியில அந்த கூண்டோட பக்க நம்பரை எழுதி வெச்சிருக்கான்.